பின்சுவர்க் குழாயின் கதை



எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வருகிற மாணவர் ஒருவர் போன மாதம் ஒரு சந்தேகத்தோடு வந்தார். வடசென்னையில் பட்டா நிலத்தில் கட்டிய பழைய வீடு அவர்களுடையது. கீழே இவர்கள், மாடியில் சித்தப்பா குடும்பம். ஆட்கள் பெருகிவிட்டதால் பின்கட்டில் சும்மா கிடக்கும் பதினோரு அடி இடத்தில் ஓர் அறை இறக்குவது என்று முடிவு. அளக்க வந்த மேஸ்திரிக்கு ஒரே ஓர் இடைஞ்சல். மாடிக் கக்கூஸிலிருந்து பின்சுவரை ஒட்டி இறங்கும் நாலு இஞ்ச் குழாயும், அதன் காலடியில் இருக்கும் சேம்பரும் அறைக்குள் வந்துவிடும். “குழாய சுத்தி செங்கல் வெச்சி பூசிடலாம். சேம்பர் மூடி மேல டைல்ஸ் ஒட்டிட்டா, அங்க ஒண்ணு இருக்குறதே யாருக்கும் தெரியாது” என்றாராம்.

ஆயா விடவில்லை. மாணவரின் பாட்டி அவர். துப்புரவுப் பணியில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். “யாருக்கும் தெரியாதா? அடைச்சிக்கினா தரைய ஒடைச்சி கைய விடப்போறவனுக்குத் தெரியும்டா” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாராம். வேலை அன்றைக்கு நின்றது.

மாணவர் எங்களிடம் கேட்டது கட்டடக் கேள்விதான். குழாயை உள்ளே வைத்துக் கட்டலாமா, கூடாதா? பதில் சொல்லப் போனபோது அது வரலாற்றுக் கேள்வியாக விரிந்தது. அந்தக் குழாய் ஏன் வீட்டின் பின்சுவரில் நிற்கிறது? அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது?

ஒரு பொந்து இருந்தது.

இருபது வயதில் இருப்பவர்கள் எடுப்புக் கக்கூஸைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறோம். உட்கார இரண்டு கல் அல்லது பலகை. அதற்குக் கீழே ஒரு வாளி, தகரத் தட்டு, பல வீடுகளில் வெறும் சாம்பல் தூவிய தரை. பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு திறப்பு, அதற்கு ஒரு தகரக் கதவு. திறப்பு பார்த்திருப்பது வீட்டை அல்ல, பின்சந்தை. தொழிலாளி அந்தச் சந்து வழியாக வருவார், தகரத்தைத் தூக்குவார், உள்ளே இருப்பதைத் தகட்டால் வழித்துக் கூடையில் போடுவார், சந்து வழியாகவே போய்விடுவார். பெரும்பாலும் பெண்கள். தலைச்சுமை. மழை நாளில் கூடையிலிருந்து முகத்தில் வழியும். அவருக்கு அந்த வீட்டின் முன்வாசல் எப்படி இருக்கும் என்று தெரியாது. வீட்டுக்காரருக்கு அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஆக, பின்சந்து என்பது தெரு போட்டபோது மிஞ்சிய இடம் கிடையாது. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே அளந்து விட்ட இடம். காலனிய நகராட்சிகளின் காகிதங்களில் அதற்கு ‘கன்சர்வன்சி லேன்’ என்று கௌரவமான பெயர். ஊர்க்காரர்கள் தோட்டிச் சந்து என்றார்கள். நகரத்தின் வரைபடமே சாதியைக் கணக்கில் வைத்துக்கொண்டு போடப்பட்டிருக்கிறது என்பதை நமக்கு யாரும் கட்டடக்கலை வகுப்பில் சொல்லித் தருவதில்லை.

பொந்து இருந்த இடத்துக்குக் குழாய் எப்படி வந்தது? அதற்குக் கொஞ்ச நேரம் லண்டனுக்குப் போக வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் அங்கே புதிதல்ல. எலிசபெத் ராணி காலத்திலேயே, 1596இல், ஜான் ஹாரிங்டன் ஒன்றைச் செய்து அதைப் பற்றி எழுதியும் வைத்தார். பெரிய மாற்றம் 1775இல் அலெக்சாண்டர் கமிங் பெற்ற காப்புரிமையோடு வந்தது. கோப்பைக்குக் கீழே குழாயை வளைத்து, வளைவில் எப்போதும் தண்ணீர் தேங்கும்படி செய்தார். நாம் இன்றைக்கு ‘டிராப்’ என்கிறோமே, அதுதான். நாற்றம் மேலே ஏறாமல் அந்தத் தண்ணீர் தடுக்கும். பணக்கார வீடுகள் இதை வாங்கிப் பொருத்தின. கழிவெல்லாம் தேம்ஸ் நதிக்குப் போனது. 1858 கோடையில் நதி நாறி, கரையில் இருந்த நாடாளுமன்றத்தில் உட்கார முடியாமல் போனபோதுதான் சட்டம் வேகமாக நிறைவேறியது. ஜோசப் பேசல்ஜெட் நகரத்தின் பெரிய சாக்கடைகளைக் கட்டினார். ஏழைகள் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தபோது வராத வேகம் அது.

அப்போது இந்தக் குழாய்கள் வீட்டுக்குள்ளேதான் ஓடின. வெளியே தள்ளியது ஒரு காய்ச்சல். 1871இல் வேல்ஸ் இளவரசர் (பின்னால் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆனவர்) ஸ்கார்பரோவில் ஒரு பிரபுவின் மாளிகையில் தங்கிவிட்டு வந்து டைபாய்டில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். அதே மாளிகையில் தங்கிய இன்னொரு பிரபு செத்தார். இளவரசரின் குதிரைக்காரரும் செத்தார். மாளிகையின் சாக்கடையிலிருந்து வந்த காற்றுதான் காரணம் என்று நாடே பேசியது. டைபாய்டு கிருமி 1880இல்தான் கண்டறியப்பட்டது. அது பரவுவது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும். ஆனால் பயம் அறிவியலுக்காகக் காத்திருக்கவில்லை. மலக்குழாயை வீட்டுக்கு வெளியே, வெளிச்சுவரில், காற்றோட்டத்தில் வை. மேல் முனையைக் கூரைக்கு மேலே திறந்து விடு என்பது பொறியாளர்களின் வேதமாகிவிட்டது. 1890களில் லண்டனின் கட்டட விதிகளிலேயே ஏறிவிட்டது.

டைபாய்டு பற்றிய அந்த எண்ணம் தப்பு. குழாய்க் காற்று ஆபத்து என்பது தப்பல்ல. அதற்கு அப்புறம் வருகிறோம்.

பிற்பாடு லண்டன்காரர்கள் மனத்தை மாற்றிக்கொண்டார்கள். குளிரில் வெளிக்குழாய் உறைந்தது. 1960களின் விதிகள் குழாயை மறுபடியும் சுவருக்குள் கூப்பிட்டன. நம் ஊரில் உறைபனி கிடையாது. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வெளிச்சுவர்ப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. அதற்கு இங்கே ஓர் இடமும் தயாராக இருந்தது. பொந்து இருந்த அதே பின்சுவர், அதே சந்து.

சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் முழுமையாக வரையப்பட்டது 1910இல். 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 வந்தபோது சென்னையில் 17 லட்சத்துக்கும் மேல் மக்கள். அந்த இடைவெளியைச் சுமந்தது யார் என்று யோசியுங்கள். குழாய் தாங்காதபோது அடைக்கும். அடைத்தால் ஆள் இறங்குவார். மெட்ரோவாட்டர் என்கிற தனி வாரியம் வந்தது 1978இல்தான். மற்ற ஊர்களில் நிலைமை இன்னும் மெதுவாக நகர்ந்தது. பல நகராட்சிகளில் 1980கள், 90கள் வரைக்கும் கூடையும் தகரமும்தான். ஃபிளஷ் கக்கூஸுக்கு மாறிய வீடுகளில் பொந்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், பக்கத்திலேயே குழாயை இறக்கினார்கள், கொல்லையில் செப்டிக் டேங்க் தோண்டினார்கள்.

தினமும் எடுப்பது நின்றது. அது சின்ன விஷயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். தலைச்சுமையிலிருந்து தப்பித்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் கூடை போன இடத்துக்குக் கயிறு வந்தது. அடைப்பு எடுக்க, டேங்க் கழுவ, சேம்பரில் இறங்க அழைக்கப்பட்டவர்கள் அதே தெருவிலிருந்து வந்தார்கள். இங்கே பெரும்பாலும் அருந்ததியர். சென்னையில் மூன்று நான்கு தலைமுறைக்கு முன் ஆந்திரப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டு இன்றைக்கும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே படிப்படியாக அடுக்கிப் பூட்டுவது என்று பாபாசாகேப் 1936இல் வாதிட்டார். லண்டனிலும் இரவில் மலம் அள்ளியவர்கள் ஏழைகள்தான், இழிவாகப் பார்க்கப்பட்டவர்கள்தான். அவர்கள் மகன் தச்சனாகப் போனால் தெரு தடுக்கவில்லை. இங்கே தொழில்நுட்பம் மாறியது, ஆள் மாறவில்லை.

கோலார் தங்கவயல் இதற்குச் சரியான சாட்சி. இந்தியாவின் மிக ஆழமான சுரங்கம் அங்கே இருந்தது. பூமிக்கு அடியில் மைல் கணக்கில் இறங்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, தொழிலாளர் குடியிருப்புக் கக்கூஸுக்கு ஒரு குழாய் போடத் தெரியவில்லை. எடுப்புக் கக்கூஸ்தான். அந்த வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர் பெசவாடா வில்சன். அங்கிருந்து அவர் தொடங்கிய போராட்டம்தான் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வரைக்கும், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது.

1993இல் முதல் சட்டம் வந்தது. எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் அதற்கு ஆள் வைப்பதையும் தடை செய்தது. பொந்துக்கான சட்டம் அது. குழாயைப் பற்றி அது கவலைப்படவில்லை. 2013 சட்டம்தான் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் உள்ளே கொண்டுவந்தது. அதன் 7ஆவது பிரிவை மாணவத் தோழர்கள் நிதானமாக ஒருமுறை படிக்க வேண்டும். ஆபத்தான முறையில் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய ஆள் வைக்கக் கூடாது என்று அது சொல்வது மாநகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டுமல்ல. எந்த நபரும் வைக்கக் கூடாது. வீட்டுக்காரரும் அந்த ‘நபர்’தான். முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம்.

ஓட்டையும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி கொடுத்து, விதிப்படி இறக்கினால் அது ‘ஆபத்தான சுத்தம்’ என்ற வரையறைக்குள் வராது என்று சட்டம் இடம் விடுகிறது. நடைமுறையில் கருவி என்றால் ஒரு ஜோடி கையுறை என்று ஆகிவிட்டது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993க்குப் பிறகு சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. அதே ஆண்டு ஒன்றிய பட்ஜெட்டில் ‘மேன்ஹோல்’ இனி ‘மெஷின்ஹோல்’ ஆகும் என்று அறிவித்தார்கள். பெயர் மாறுவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. மனிதன் இறங்குகிற ஓட்டை என்று ஒரு நாகரிகம் பெயர் வைத்துப் புழங்கியிருக்கிறதே என்பதுதான் உறுத்துகிறது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சாவுக் கணக்குகளில் தமிழ்நாடு முதல் இடத்தில் நின்றிருக்கிறது. பெரியார் மண் என்று மார்தட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது மாணவரின் பின்கட்டுக்குத் திரும்புவோம். மெஷின் இறங்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு மூடி வேண்டும். ஜெட் அடிக்கும் லாரியும் உறிஞ்சும் லாரியும் தெருவில் நின்று குழாயை நீட்டும். அதன் முனை போய்ச் சேர ஒரு திறப்பு இருக்க வேண்டும். சேம்பர் கட்டிலுக்கு அடியில், டைல்ஸுக்குக் கீழே இருந்தால் எந்த மெஷினும் உள்ளே வராது. அப்போது வீட்டுக்காரர் தெரிந்த ஒருவருக்கு ராத்திரியில் போன் செய்வார். வருகிறவர் உளியால் தரையை உடைப்பார். பல வருடம் மூடிக் கிடந்த குழியைத் திறந்து, குச்சியால் கிளறுவார்.

கிளறும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு வெளியே வரும். துளி இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. போய்விட்டது என்று நினைத்து இன்னும் குனிவார்கள். இன்னும் சில மடங்கு ஏறினால் மயக்கம், ஆயிரத்தைத் தொட்டால் ஓரிரு மூச்சில் சாவு. காப்பாற்றக் குனிந்த தம்பியும் அண்ணன் மேலேயே விழுவார். திறந்த வெளியில் இருக்கும் சேம்பரில் இந்த வாயு கலைந்து போக வழி உண்டு. ஜன்னலில்லாத பின்னறையில் கிடையாது. வீட்டில் தூங்கும் குழந்தைக்கும் அதே காற்றுதான்.

வீட்டை நீட்டிக் கட்டக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நம் மக்களுக்குக் கிடைத்ததெல்லாம் கைக்குட்டை அளவு மனை. அதில் ஓர் அறை கூடுதலாக வருவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை கிடைப்பது. கேள்வி, குழாயை எப்படி உள்ளே எடுப்பது என்பதுதான். எங்களில் சிவில் படித்த இரண்டு தோழர்கள் போய் மேஸ்திரியோடு உட்கார்ந்தார்கள். நல்ல மனுஷர், சொன்னதும் புரிந்துகொண்டார். யாரும் அதுவரை அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

முதல் முடிவு, சேம்பர் அறைக்குள் இருக்கக் கூடாது. பழைய சேம்பரை இடித்து, அந்த இடத்தில் குழாயை நேராக ஓட்டி, புதுச் சுவருக்கு வெளியே புதிய சேம்பர். குழாய் கீழே திரும்பும் இடத்தில் ஒரே வெட்டாகத் திருப்பாமல் இரண்டு பாதி வளைவுகள் போட்டுத் திருப்பினால் மலம் அங்கே தங்காது. அங்கிருந்து அறுபது அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிவு. புதுச் சுவரின் அஸ்திவாரத்தைத் தாண்டும் இடத்தில் குழாயைக் கான்கிரீட்டில் இறுக்கிவிடக் கூடாது. புதுச் சுவர் ஒன்றிரண்டு வருடத்தில் கொஞ்சம் அமரும், பழைய சுவர் அமராது. இறுகப் பிடித்த குழாய் நடுவில் விரிசல் விடும், தரைக்கு அடியில் கசியும். மேலே ஒரு சின்ன லிண்டல் போட்டு, குழாயைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டு, அதை மிருதுவான பொருளால் அடைத்தால் போதும்.

அறைக்குள் நிற்கும் குழாயைச் செங்கல் வைத்துப் பூசுவதற்குப் பதிலாகத் திருகாணி போட்ட பலகைப் பெட்டி. உள்ளே இடுப்பு உயரத்தில் ஒரு ‘டோர் டீ’. பக்கத்தில் மூடியுள்ள இந்தத் துண்டு ஹார்டுவேர் கடையில் மலிவாகவே கிடைக்கும். நின்றபடி மூடியைக் கழற்றி ஸ்பிரிங் கம்பியை விடலாம். யாரும் குனிய வேண்டாம், இறங்க வேண்டாம். பெட்டியின் பலகை அந்த மூடிக்கு நேராகத் திறக்க வேண்டும். இதைச் சொல்வானேன் என்று நினைப்பீர்கள். மூடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பொருத்திவிட்டுப் போன வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். கூரை கான்கிரீட்டைக் குழாய் துளைத்துப் போகும் இடத்தில் ஒரு பெரிய குழாய்த் துண்டை உறையாக வைக்க வேண்டும். குழாயின் மேல்முனை மாடிக்கும் மேலே திறந்தே இருக்க வேண்டும். அசிங்கமாக இருக்கிறது என்று அதை அறுத்து மூடி போட்டால், உள்ளே அழுத்தம் மாறி டிராப்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்புறம் அறையில் நாற்றம். கமிங் 1775இல் செய்த வேலை வீண்.

இங்கிலாந்தில் இன்றைக்கு ஒருவர் இப்படி நீட்டிக் கட்டினால் கட்டட ஆய்வாளர் வந்து குழாயைத் திறக்க வழி எங்கே என்று பார்க்கிறார். பல வீடுகள் சேர்ந்து பயன்படுத்தும் குழாய் என்றால் 2011க்குப் பிறகு அது தண்ணீர் நிறுவனத்தின் சொத்து. அதன் மேல் கட்ட அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அங்கே கூலி அதிகம், தரையை உடைத்து ஆளை இறக்குவது கட்டுப்படியாகாது. இங்கே அது ரொம்பக் கட்டுப்படியாகிறது. இங்கே திட்ட அனுமதிக்கு வருகிறவர்கள் பக்கவாட்டு இடைவெளியை டேப்பால் அளக்கிறார்கள். மூடி எங்கே என்று கேட்பதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். அந்த மாணவருக்கு மேஸ்திரியின் யோசனை பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டோம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “காலேஜ் பசங்க வீட்டுக்கு வந்தா முதல்ல கண்ணுல படுறது அந்தக் குழாய்தான் தோழர். ஆயா என்ன வேலை பார்த்தாங்கன்னு ஏற்கெனவே ஒருத்தன் கேட்டுட்டான்.” எங்களிடம் உடனடி பதில் இல்லை. எங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அந்தக் குழாய் பூசித்தான் கிடக்கிறது. இழிவைச் சுமத்தியவர்கள் மறைப்பதும் சுமந்தவர்கள் மறைப்பதும் ஒன்றல்ல. ஆனால் தரையை உடைக்க வருகிறவருக்கு இரண்டும் ஒரே டைல்ஸ்தான்.

அறை இப்போது எட்டடி. மூன்றடி வெளியே விடப்பட்டிருக்கிறது. சேம்பர் அங்கே, வார்ப்பிரும்பு மூடியோடு, பின்சந்தைப் பார்த்தபடி இருக்கிறது. லாரிக் குழாய் சந்து முனையிலிருந்து எட்டும் என்று அளந்து பார்த்துவிட்டோம். சித்தப்பாவுக்கு அந்த மூன்றடி போனதில் இன்னும் வருத்தம். ஆயா அந்த மூடி மேல் துளசிச் செடி தொட்டி வைக்கப் போன மருமகளைத் திட்டி, தொட்டியை நகர்த்த வைத்திருக்கிறார்.

சந்தின் எதிர்வரிசையில் நாலு வீடுகள் ஏற்கெனவே பின்பக்கம் நீட்டிவிட்டன. அவற்றின் சேம்பர் எங்கே இருக்கிறது என்று ஆயாவுக்குத் தெரியும். ஒரு வீட்டில் அது பூஜை அறைக்கு அடியில். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வீட்டுக்காரர்களோடு பேசப் போகிறோம். வர முடிந்த தோழர்கள் வாருங்கள், அளவு டேப் ஒன்று கொண்டுவாருங்கள்.